ஆகஸ்ட் 9 என்றால் 221: ஆண்டின் நாள் எண்ணைப் பிழையில்லாமல் கணக்கிட

மசாலாப் பொட்டலத்தின் அடியில் 25293 என்று ஐந்து இலக்கங்கள் அச்சாகியிருக்கும். அது காலாவதித் தேதி இல்லை, அந்தச் சரக்கு எந்த நாளில் கட்டப்பட்டது என்பதற்கான குறி. முதல் இரண்டு இலக்கமும் 2025-ஐக் குறிக்கும். பின்னால் வரும் மூன்றும் அந்த ஆண்டின் 293-ஆம் நாள், அதாவது அக்டோபர் 20. சிங்கப்பூரில் அந்த ஆண்டு தீபாவளி விடுமுறை அன்றுதான். ஆலை அன்று மூடியிருந்தது என்றால் பொட்டலத்தில் இருக்கும் எண் தவறு. மூன்று இலக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் இவ்வளவையும் அரை நிமிடத்தில் சொல்லிவிடலாம்.

ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை 001, 002 என்று தொடர்ந்து எண்ணும் இந்த முறை நாம் நினைப்பதைவிட அதிக இடங்களில் இருக்கிறது. சாங்கி விமான நிலையத்தில் நீட்டும் போர்டிங் பாஸின் பார்கோடில் பயண நாள் மாதமாகவோ தேதியாகவோ இல்லை, மூன்று இலக்க நாள் எண்ணாகத்தான் இருக்கிறது. 2015-இல் சிங்கப்பூரில் புகைமூட்டம் கடுமையாகி செப்டம்பர் 25 அன்று பள்ளிகளை மூடினார்களே, அந்த நாளில் நாசா துணைக்கோள்களின் மோடிஸ் கருவி பதிந்த கோப்புகளைத் தேடுபவர் கோப்புப் பெயரில் 2015268 என்ற எண்ணைத்தான் தேட வேண்டும்.

தொழிற்சாலைகளில் இதை ஜூலியன் தேதி என்பார்கள். வழக்கில் ஊன்றிவிட்ட பெயர்; மாற்ற முயல வேண்டாம். ஆனால் வானியலில் ஜூலியன் நாள் என்பது வேறு. ஜோசப் ஸ்காலிஜர் 1583-இல் வகுத்த காலச் சுழற்சியை ஒட்டி, கி.மு. 4713-இலிருந்து இடைவெளியே இல்லாமல் ஓடிவரும் எண்ணிக்கை அது. பஞ்சாங்கத்தில் கலியுகத் தொடக்கத்திலிருந்து கலிதினம் எண்ணுவதைப் போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் 9-இன் நாள் எண் 221. அதே நாள் நண்பகலில், உலகப் பொது நேரப்படி, ஜூலியன் நாள் 2460897. ஒரு மென்பொருளில் ஜூலியன் என்று போட்டிருந்து ஏழு இலக்கம் தொடர்ச்சியாக வந்தால், எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். 2025221 என்பதும் ஏழு இலக்கம்தான்.

பூஜ்யம் எங்கே நிற்கிறது

மொத்தக் கணக்குக்கும் ஒரே ஊன்றுகோல் போதும்: முந்தைய ஆண்டின் டிசம்பர் 31-க்கு எண் 0. எந்தத் தேதியிலிருந்தும் அந்த நாளைக் கழித்தால் கிடைப்பதுதான் நாள் எண். ஜனவரி 1-ஐக் கழித்துவிட்டு அப்புறம் ஒன்றைக் கூட்டுவதும் சரிதான். ஆனால் அந்த ஒன்றைக் கூட்ட மறப்பதால்தான் பாதித் தவறு வருகிறது. கூட்டவே தேவையில்லாத வழி இருக்கும்போது அதையே பழகுங்கள்.

கையால் போடுபவருக்கு ஒவ்வொரு மாதமும் தொடங்கும் முன் எத்தனை நாள் கழிந்துள்ளது என்பது தெரிய வேண்டும். சாதாரண ஆண்டுக்கு:

ஜனவரி 0, பிப்ரவரி 31, மார்ச் 59
ஏப்ரல் 90, மே 120, ஜூன் 151
ஜூலை 181, ஆகஸ்ட் 212, செப்டம்பர் 243
அக்டோபர் 273, நவம்பர் 304, டிசம்பர் 334

இதோடு தேதியைக் கூட்டினால் முடிந்தது. ஆகஸ்ட் 9: 212 + 9 = 221. லீப் ஆண்டாக இருந்தால் மார்ச் முதல் டிசம்பர் வரை எல்லாவற்றிலும் ஒன்று கூடும். ஆகவே சிங்கப்பூரின் தேசிய தினமான ஆகஸ்ட் 9, 2024-இல் 222-ஆம் நாள், 1965-இல் 221.

பட்டியல் கையில் இல்லாத இடத்துக்கு ஒரு மனக்கணக்கு உண்டு. கழிந்த மாதங்களை முப்பதால் பெருக்கி, தேதியைக் கூட்டி, மாதத்துக்கான சிறு திருத்தத்தைச் சேர்க்க வேண்டும். திருத்தங்கள்: ஜனவரி 0, பிப்ரவரி கூட்டல் 1, மார்ச் கழித்தல் 1, ஏப்ரலும் மேயும் 0, ஜூனும் ஜூலையும் 1, ஆகஸ்ட் 2, செப்டம்பரும் அக்டோபரும் 3, நவம்பரும் டிசம்பரும் 4. அக்டோபர் 20-க்குப் போட்டுப் பாருங்கள்: ஒன்பது மாதம் கழிந்தது, 270, தேதி 20, திருத்தம் 3, மொத்தம் 293. ஒரு வாரம் தினமும் லேபிள் ஒட்டும்போது போட்டுப் பார்த்தால் இந்தப் பன்னிரண்டு திருத்தமும் மனத்தில் பதிந்துவிடும்.

பயிற்சிக்குச் சிங்கப்பூரின் நான்கு துணைக்கோள்களை எடுத்துக்கொள்ளலாம். நான்குமே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி ராக்கெட்டில் சென்றவை. எக்ஸ்-சாட், 2011 ஏப்ரல் 20. டெலியோஸ்-1, 2015 டிசம்பர் 16. டெலியோஸ்-2, 2023 ஏப்ரல் 22. டிஎஸ்-சார், 2023 ஜூலை 30. விடைகள் முறையே 110, 350, 112, 211. நான்கும் சரியாக வந்தால் முறை பிடிபட்டுவிட்டது.

எண்ணிலிருந்து தேதிக்குத் திரும்புவது இன்னும் சுலபம். பட்டியலில் அந்த எண்ணைவிடச் சிறியதாக உள்ளவற்றில் பெரியதை எடுத்துக் கழியுங்கள். 200 என்றால் 181 போக 19, ஆகவே ஜூலை 19. இங்கே ஒரு வழுக்கல் உண்டு: எண்ணும் பட்டியலில் உள்ளதும் சமமாக இருந்தால் அதைக் கழிக்கக் கூடாது. 212-இலிருந்து 212-ஐக் கழித்தால் ஆகஸ்ட் 0 என்று வரும். முந்தைய மாதத்துக்குப் போய் 181-ஐக் கழித்தால் ஜூலை 31, அதுதான் சரி.

லீப் ஆண்டு

நான்கால் வகுபட்டால் லீப் ஆண்டு. நூறால் வகுபட்டால் இல்லை. நானூறால் வகுபட்டால் மறுபடி உண்டு. 2000 லீப் ஆண்டு. 1900 இல்லை, 2100-உம் இல்லை. இன்று வேலையில் இருப்பவர் எவருக்கும் நான்கு விதி மட்டுமே போதும் என்று தோன்றும். ஆனால் 99 ஆண்டுக் குத்தகை போன்ற நெடுங்காலக் கணக்கு வைப்பவருக்கு 2100 தூரத்தில் இல்லை.

பிப்ரவரி 29-இன் எண் 60. சாதாரண ஆண்டில் அதே 60 மார்ச் 1-க்கு உரியது. ஆகவே 060-ஐயும் அதற்கு மேற்பட்ட எந்த எண்ணையும் ஆண்டு தெரியாமல் தேதியாக மாற்ற முடியாது. சுவரில் ஒட்டிய பழைய பட்டியலைப் பார்த்தே நான்காவது ஆண்டிலும் எண் போட்டால், மார்ச்சிலிருந்து ஆண்டு முழுக்க ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நாள் பின்தங்கும். எல்லா எண்ணும் ஒரே அளவு தவறாக இருப்பதால் வரிசை குலையாது. யார் கண்ணிலும் படாது. எனவே பட்டியலை இரண்டு தாளாக, இரண்டு நிறத்தில் அச்சிட்டு, லீப் ஆண்டுத் தாளின் தலையில் 2028, 2032 என்று ஆண்டுகளையே எழுதிவிடுங்கள். விதியை எழுதி வைத்தால் பரபரப்பான நேரத்தில் யாரும் வகுத்துப் பார்க்க மாட்டார்கள்.

இரண்டு நாளுக்கு இடையே

நாள் எண்ணின் உண்மையான பயன் கழித்தலில்தான். ஆனால் கழித்தல் இடைவெளியைத் தரும், எண்ணிக்கையைத் தராது. வருமான வரிக்கு வசிப்பவராகக் கருதப்பட ஒரு காலண்டர் ஆண்டில் குறைந்தது 183 நாள் என்ற அளவு சிங்கப்பூரில் இருக்கிறது. 2025 மார்ச் 6 முதல் செப்டம்பர் 4 வரை ஒருவர் இங்கே இருந்தார் என்று கொள்வோம். எண்கள் 65, 247. கழித்தால் 182. முதல் நாளும் கடைசி நாளும் இரண்டுமே கணக்கில் சேரும் என்றால் 183. எந்த முனை சேரும், எது சேராது என்பதை முதலில் கேட்டுக்கொண்டு பிறகு கழியுங்கள். ஒரு நாள் வித்தியாசத்தில் விடையே மாறுகிறது.

ஆண்டு எல்லையைத் தாண்டும்போது கணக்கு இன்னும் கொஞ்சம் கவனம் கேட்கும். தைப்பூசத்துக்கு 48 நாள் விரதம் இருப்பவர், பூசத்தன்றே 48-ஆம் நாள் நிறைவாக வேண்டும் என்று நினைத்தால் எப்போது தொடங்க வேண்டும்? 2025-இல் தைப்பூசம் பிப்ரவரி 11, எண் 42. தொடங்கும் நாளையும் சேர்த்து 48 என்பதால் 47-ஐக் கழிக்க வேண்டும். கிடைப்பது கழித்தல் 5. இப்போது முந்தைய ஆண்டின் மொத்த நாளைக் கூட்ட வேண்டும். 2024 லீப் ஆண்டு, ஆகவே 366. விடை 361. லீப் ஆண்டில் டிசம்பருக்கு முன் 335 நாள் கழிந்திருக்கும். 361-இல் அது போக 26. டிசம்பர் 26 அன்று மாலை போட வேண்டும். சரிபார்க்க: டிசம்பரில் 6 நாள், ஜனவரியில் 31, பிப்ரவரியில் 11, கூட்டினால் 48.

கூட்ட வேண்டியது எந்த ஆண்டின் மொத்தம் என்பதில்தான் பலர் தடுமாறுவார்கள். பின்னோக்கிப் போனால் போய்ச் சேரும் ஆண்டின் மொத்தத்தைக் கூட்டுங்கள். முன்னோக்கிப் போனால் புறப்பட்ட ஆண்டின் மொத்தத்தைக் கழியுங்கள். 2025-இன் 360-ஆம் நாள் அரைத்த இட்லி மாவுக்கு 10 நாள் கெடு என்றால் 370. 365 போக 5. கெடு 2026 ஜனவரி 5.

கிழமையும் இதிலேயே வந்துவிடும். எண்ணில் ஒன்றைக் குறைத்து ஏழால் வகுங்கள். மீதியை ஜனவரி 1-இன் கிழமையோடு கூட்டுங்கள். 2025 ஜனவரி 1 புதன். 220-ஐ ஏழால் வகுத்தால் மீதி 3. புதனிலிருந்து மூன்று நாள், சனி. அந்த ஆண்டு தேசிய தினம் சனிக்கிழமைதான்.

எழுதும் வடிவம்

தேதி எழுதுவதற்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601-இன்படி நான்கு இலக்க ஆண்டு, சிறு கோடு, மூன்று இலக்க நாள்: 2025-221. பதிவேட்டிலும் கணினிக் கோப்பிலும் இதையே எழுதுங்கள். லேபிளில் இடம் இல்லை என்றால் 25221 போதும். ஆண்டுக்கு ஒரே இலக்கம் வைத்து 5221 என்று எழுதும் பழக்கமும் உண்டு. மாவுக்கும் காய்கறிக்கும் அது பரவாயில்லை. பத்து ஆண்டு கிடங்கில் கிடக்கக்கூடிய உதிரிப்பாகத்துக்கு ஒத்துவராது, ஏனெனில் 2015-உம் 5, 2025-உம் 5. இன்னொரு வடிவத்தில் ஆண்டிலிருந்து 1900-ஐக் கழித்து 125221 என்று ஆறு இலக்கமாக எழுதுவார்கள். வணிக மென்பொருளில் இப்படி வந்தால் பயப்பட வேண்டாம், முதல் மூன்று இலக்கத்தோடு 1900-ஐக் கூட்டினால் ஆண்டு வந்துவிடும்.

முன்னால் வரும் சுழியங்களை ஒருபோதும் விடக் கூடாது. 25-ஆம் நாள் 025 என்றே இருக்க வேண்டும். இல்லையென்றால் எழுத்தாக வரிசைப்படுத்தும்போது 9 என்பது 10-க்குப் பின்னாலும் 100-க்குப் பின்னாலும் போய் நிற்கும். முதலில் வந்த சரக்கை முதலில் அனுப்பும் ஒழுங்கு அங்கேயே குலைந்துவிடும்.

எக்செல்

எக்செலில் டேட் சார்புக்கு ஆண்டு, மாதம் 1, நாள் 0 என்று கொடுங்கள். நாள் 0 என்றதும் அது முந்தைய ஆண்டின் டிசம்பர் 31-க்குப் போய்விடும். உங்கள் தேதிக் கட்டத்திலிருந்து அதைக் கழித்தால் நாள் எண். விடைக் கட்டத்தில் 1900-ஆம் ஆண்டுத் தேதி ஏதாவது தோன்றினால் சூத்திரம் தவறில்லை. கட்டத்தின் வடிவம் தேதி என்று இருக்கிறது. அதை மாற்றி, கஸ்டம் வடிவத்தில் மூன்று சுழியம் போட்டால் 025 போன்றவை சரியாகத் தெரியும். திரும்பி வருவதற்கும் அதே சார்புதான்: ஆண்டு, மாதம் 1, நாள் 221 என்று கொடுத்தால் ஆகஸ்ட் 9 வந்து நிற்கும்.

இங்கே நடக்கும் பெரிய விபத்து சூத்திரத்தில் இல்லை, உள்ளே போகும் தேதியில். 03/04/2025 என்று தட்டினால் சிங்கப்பூர் வழக்கப்படி ஏப்ரல் 3, எண் 93. கணினியின் வட்டார அமைப்பு அமெரிக்க முறையில் இருந்தால் மார்ச் 4, எண் 63. தேதி 12-ஐத் தாண்டினால் அந்த அமைப்பு அதைத் தேதியாகவே ஏற்காது. கட்டத்தில் இடது பக்கம் ஒட்டி எழுத்தாக நிற்கும். ஒரே பத்தியில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நின்றால் வலப்பக்கம் இருப்பவற்றையும் நம்பாதீர்கள். அவையும் மாதமும் தேதியும் மாறிப் போனவையாக இருக்கலாம்.

நிரல் எழுதுபவருக்கு

சி மொழியின் நேரக் கட்டமைப்பும் பிஎச்பியின் நாள் எண்ணும் 0-இலிருந்து தொடங்கும். ஜனவரி 1 அங்கே 0. லினக்ஸின் டேட் கட்டளை, பைதான், ஜாவா எல்லாம் 1-இலிருந்து. ஒன்றிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு அனுப்பும் இடத்தில் ஒரு நாள் நழுவுவதற்கு வேறு காரணம் தேடவே வேண்டாம்.

அதைவிட ஆபத்தானது 366. 2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்டின் 30 ஜிபி சூன் (Zune) என்ற, பாட்டுக் கேட்கும் கையடக்கக் கருவிகள் அப்படியே உறைந்து போயின. நாள் எண்ணை ஆண்டாக மாற்றும் நிரல் துண்டு, எண் 365-ஐவிடப் பெரிதாக உள்ளவரை சுற்றும். லீப் ஆண்டில் 366-ஐவிடப் பெரிதாக இருந்தால் மட்டுமே கழிக்கும். எண் சரியாக 366 ஆனதும் சுற்றவும் வேண்டும், கழிக்கவும் கூடாது. அந்தச் சுழலிலிருந்து கருவியால் வெளியே வர முடியவில்லை. மறுநாள் பிறந்தபின், பேட்டரி முழுக்கத் தீர்ந்து மீண்டும் இயக்கியதும் சரியானது. ஆகவே சோதனைக்கு எடுக்க வேண்டியவை பிப்ரவரி 28, 29, மார்ச் 1, டிசம்பர் 30, 31, ஜனவரி 1. லீப் ஆண்டு ஒன்று, சாதாரண ஆண்டு ஒன்று, கூடவே 2000-உம் 2100-உம்.

எட்டு மணி நேரம்

சிங்கப்பூர் நேரம் உலகப் பொது நேரத்தைவிட 8 மணி முன்னால். இங்கே காலை 8 மணி ஆகும்போதுதான் அங்கே நாள் பிறக்கிறது. ஜனவரி 1 காலை 7.30-க்கு இங்கே எண் 001. பொது நேரத்தில் இன்னும் போன ஆண்டின் 365 அல்லது 366. துணைக்கோள் பாதைத் தரவில் 23112.5 என்று இருந்தால் 2023-இன் 112-ஆம் நாள் பொது நேர நண்பகல், நமக்கு இரவு 8 மணி. புள்ளிக்குப் பின் 0.25 என்பது ஆறு மணி நேரம்.

லேபிள் அச்சு இயந்திரத்தின் கடிகாரம் பொது நேரத்தில் ஓடினால் எண் காலை 8-க்கு மாறும். இரவுப் பணி 8 முதல் 8 வரை நடக்கும் ஆலையில் இந்தத் தவறு பல மாதம் ஒளிந்திருக்கும்: பணி தொடங்கிய நாளின் எண்ணே விடியும்வரை வருவதால் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரியும். பணி நேரம் 7-க்கு மாறிய அன்று, காலைப் பணியின் முதல் ஒரு மணி நேரப் பெட்டிகள் முந்தைய நாள் எண்ணோடு வரும். இயந்திரத்தை நிறுவும்போதே நள்ளிரவு 12.05-க்கு ஒரு லேபிள் அடித்துப் பார்த்துவிடுங்கள். இரவுப் பணிக்கு எந்த எண், பணி தொடங்கிய நாளா, பொட்டலம் மூடிய நாளா என்பதையும் முடிவு செய்து இயந்திரத்தின் மேலேயே எழுதி ஒட்டுங்கள். இரண்டில் எதுவும் தவறில்லை. இரண்டும் கலந்தால்தான் தவறு.

பழைய பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுபவருக்கு ஒரு துணுக்கு: 1981 டிசம்பர் 31 இரவு 11.30-க்குச் சிங்கப்பூர் கடிகாரங்கள் அரை மணி முன்னே தள்ளப்பட்டு நேரே 1982 பிறந்தது. அந்த ஆண்டின் 365-ஆம் நாளுக்கு இருபத்து மூன்றரை மணி நேரம்தான்.

கைமுத்திரை

சிறு சமையலறைகளில் எண் சக்கரம் உள்ள கைமுத்திரைதான் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. வலது சக்கரத்தைத் தினமும் திருப்புவார்கள். நூறாவது சக்கரம் மறந்துபோகும். சாதாரண ஆண்டில் 099-இலிருந்து 100 ஆவது ஏப்ரல் 10, 200 ஆவது ஜூலை 19, 300 ஆவது அக்டோபர் 27. லீப் ஆண்டில் மூன்றும் ஒரு நாள் முன்னதாக. இந்த மூன்று நாளையும் நாட்காட்டியில் சிவப்பில் வட்டமிட்டு வையுங்கள்.

இலக்கம் இடம் மாறுவது அடுத்த வகைத் தவறு. 212-உம் 221-உம் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும்; ஒன்று ஜூலை 31, மற்றது ஆகஸ்ட் 9. பக்கத்துப் பக்கத்து இலக்கம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். பதிவேட்டுக்கும் லேபிளுக்கும் 9, 18, 90 என்று இடைவெளி வந்தால் முதல் சந்தேகம் இதன்மேல் இருக்கட்டும்.

மூடியில் அடிக்கும் முத்திரைக்கு மேல் கீழ் தெரியாது. 161-ஐத் தலைகீழாகப் பிடித்தால் 191. முன்னது ஜூன் 10, பின்னது ஜூலை 10. 091 திரும்பினால் 160, 011 திரும்பினால் 110. எண்ணுக்கு அடியில் ஒரு கோடு வரும் முத்திரையாக வாங்கினால் இந்தக் குழப்பமே இல்லை.

டிசம்பர் கடைசி வாரத்தில் இரண்டு வேலை பாக்கி இருக்கும். புதிய ஆண்டுத் தாளை அச்சிட்டு, அது லீப் ஆண்டா என்பதை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். 31-ஆம் தேதி கடைசிப் பெட்டிக்கு முத்திரை விழுந்ததும் நாள் சக்கரங்களை 001-க்குக் கொண்டுவருபவரே ஆண்டுச் சக்கரத்தையும் திருப்ப வேண்டும்; ஒருவரே இரண்டையும் செய்து, வெற்றுத் தாளில் ஒருமுறை அடித்து, அந்தத் தாளைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் ஒட்ட வேண்டும். நாளைத் திருப்பிவிட்டு ஆண்டை விட்டுவிட்டால், புத்தம் புதிய மாவுப் பொட்டலம் ஓராண்டு பழையதாகக் கணக்கில் ஏறி, ஜனவரி 2 அன்று வாங்குபவரின் கிடங்கு வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும்.